ஆர்லன் டிராக்ஸ்லர் கடைசியாகச் சோதித்த வண்டி

மேடையில் வீற்றிருக்கும் பாஸ்டர் லின்ட்க்விஸ்ட் அவர்களே, சாகினா மெரிடித் கார் சங்கத்தின் பொறுப்பாளர்களே, ஒஹாயோவிலிருந்தும் இண்டியானாவிலிருந்தும் விடிவதற்கு முன்பே வண்டியைக் கிளப்பி வந்திருக்கும் நண்பர்களே! முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆர்லனின் மனைவி ஜெனீன், உன்னை இன்றைக்கு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லியே அழைத்துவிடுகிறேன்.

எனக்கு மேடையில் பேச வராது. பழைய கார்களுக்கு மதிப்பெண் போடும் நடுவர் மேஜையில் சண்டை போட வரும். அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இதே கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில், நம் தலைமை நடுவர் ஆர்லன் டிராக்ஸ்லரோடு நான் சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு ஆர்லன் இல்லை. இன்றைக்கு வியாழக்கிழமை. நாலு நாளாகியும் இந்தச் செய்தி என் மண்டையில் ஏற மறுக்கிறது. ஆர்லனா? நம் ஆர்லனா? போன மாதம்கூட ஏணி வைத்து ஏறி இந்தக் கூடத்தின் பல்பை மாற்றினாரே, அவரா? அறுபத்தெட்டு ஒரு வயதா?

இருபத்தேழு வருடம் அவர் நம் தலைமை நடுவர். ஒரு பழைய மெரிடித் பாண்டிட் கார் வந்து நின்றால், அதில் தொழிற்சாலையில் மாட்டியது எது, பின்னால் எவனோ மாட்டியது எது என்று அவரைப்போல் பிரித்துச் சொல்ல யாரால் முடிந்தது? ரேடியேட்டர் குழாயைப் பிடித்திருக்கும் சின்ன வளையத்தைப் பார்த்தே வண்டி வெளிவந்த மாதத்தைச் சொல்வார். டேடன் கண்காட்சியில் ஒருவர் தன் வண்டியை அடிப்பாகம் வரை கண்ணாடியாக மினுக்கிக் கொண்டுவந்தார். ஆர்லன் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அந்த மனிதர் கோபமாக ஏன் என்று கேட்டார். "தொழிற்சாலையில யாரும் இவ்ளோ அழகா பெயின்ட் அடிக்கல சார். சந்தேகம்னா இந்த லவோனைக் கேளுங்க, அவ அங்கதான் வேலை பார்த்தா" என்றார் ஆர்லன், என்னைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

வேறொரு வண்டியில், வேறு வண்டியின் தொழிற்சாலை எண் தகட்டைப் பிடுங்கி ஒட்டியிருந்தார்கள். வாங்கி ஏமாந்தவர் பள்ளிக்கூட ஆசிரியர். ஆர்லன் மைக்கில் சொல்லவில்லை. மனிதரைத் தனியாக அழைத்துப்போய், சாண்ட்விச் வாங்கிக் கொடுத்து, அவர் தின்று முடித்த பிறகு சொன்னார். வயிறு நிறைந்திருந்தால் தாங்கிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. இப்படி ஒரு மனிதரை இனி எங்கே போய்த் தேடுவது?

சரி. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

கர்டிஸ் ஹாஸ்கெட் ஒரு பச்சை நிற 1969 பாண்டிட்டைக் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பரிசு வேண்டியதில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: இது என் அண்ணன் ராய்ஸின் வண்டியா? ராய்ஸ் அதைப் புதிதாக வாங்கி எட்டு மாதம் ஓட்டிவிட்டுப் போருக்குப் போனவர், திரும்பவில்லை. வாசலில் அந்த வண்டி நிற்பதைப் பார்க்க முடியாமல் அவர்கள் அம்மா விற்றுவிட்டார். கர்டிஸ் ஐம்பது வருடமாக அதைத் தேடுகிறார். இந்த வண்டியோ எப்போதோ தீப்பிடித்து, முன்பக்கம் கருகி, எண் தகடு இல்லாமல் கைமாறிக் கைமாறி வந்தது. ராய்ஸ் வாங்கியபோது கடையில் கொடுத்த காகிதம் மட்டும் கர்டிஸிடம் இருந்தது. அதில் வண்டியின் எண் இருக்கிறது.

நான் பின்சீட்டைக் கழற்றினேன். ஸ்பிரிங்குக்குள் லைன் தாள் இருந்தது. வண்டிக்கு என்ன நிறம், என்ன கியர், என்ன எண் என்று அச்சடித்துத் தொழிற்சாலையில் வண்டியோடு கூடவே வருமே, அந்தத் தாள். அது கிடைத்துவிட்டால் நமக்கெல்லாம் தலைகால் புரியாது. பிரித்துப் பார்த்தேன். தாளில் இருந்தது நீல நிற வண்டி, ஆட்டோமேட்டிக் கியர், எண்ணும் வேறு; எதிரில் நின்றதோ பச்சை, கையால் மாற்றும் கியர். நிறத்தையும் கியரையும் பிறகு எவனோ மாற்றியிருக்கிறான் என்று அங்கேயே முடிவு கட்டினேன். "கர்டிஸ், தாள் வேற வண்டியச் சொல்லுது. இது உங்க அண்ணன் வண்டி இல்ல" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சாண்ட்விச்சும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்படித்தான் சொன்னேன்.

ஆர்லனுக்கு அது பிடிக்கவில்லை. அடியில் போய்ப் பார்க்கிறேன் என்று சக்கரப் பலகையை இழுத்தார். அங்கே ஐம்பது வருடத் துருவைத் தவிர என்ன இருக்கிறது, இந்த வெக்கையில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று கத்தினேன்.

"அந்த ஆளு மூஞ்சியப் பார்த்தியா லவோன்?" என்று மட்டும் கேட்டார். பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே போனார்.

கம்பி பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. நான் படிவத்தில் "இல்லை" என்று எழுதிக்கொண்டிருந்தேன். "என்ன ஆர்லன், தூங்கிட்டியா? காபி ஆறுது" என்றேன். பதில் இல்லை. வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு முறை திட்டினேன். கேளுங்கள், இறந்துபோன மனிதரை நான் திட்டிக்கொண்டிருந்தேன்! கடைசியில் காலைப் பிடித்து இழுத்தேன். பலகை எந்தத் தடையும் இல்லாமல் உருண்டு வெளியே வந்தது. அதை இன்னும் என் கை மறக்கவில்லை.

இதயம் நின்றுவிட்டது, யார் என்ன செய்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கர்டிஸ் ஷெட் வாசலில் நின்று அழுதார். "என் அண்ணன் வண்டியும் இல்ல, ஒரு நல்ல மனுஷனையும் கொண்டுபோயிடுச்சு. இத வெள்ளிக்கிழமை பழைய வண்டிங்கள நசுக்குற இடத்துக்கு அனுப்பிடுறேன்" என்றார். வந்து எடுத்துப்போக ஆளுக்கும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை என்பது நாளைக்கு.

நேற்று ஜெனீன் போனில் கேட்டாள்: "அவரு மூக்குக் கண்ணாடி அங்கதான் விழுந்திருக்கும். எடுத்துத் தர்றியா?" எடுக்கப் போனேன். எழுபத்திரண்டு வயதில் அதே பலகையில் படுத்து, அதே வண்டிக்கு அடியில் போனேன். கண்ணாடி கிடந்தது. கையில் எடுத்துக்கொண்டு தலையைத் திருப்பினால், அடிச்சட்டத்தில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் கறுப்பு மெழுகை உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் சாக்பீஸில் ஒரு டிக். ஆர்லன் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் பிறந்த பொருளுக்கு ஒரு டிக் போடுவார், மற்றதை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவார்.

சுரண்டிய இடத்தில், தொழிற்சாலையில் இரும்பிலேயே அடித்த ஆறு இலக்கங்கள். படித்தேன். வெளியே வந்து, படிவத்தோடு இருந்த ராய்ஸின் காகிதத்தைப் பார்த்தேன். எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் அதேதான். என்னை நம்ப முடியாமல் திரும்ப உள்ளே போனேன். கியர்பெட்டியின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே ஆறு இலக்கங்கள். வண்டிக்கு அடியிலேயே படுத்து அழுதேன்.

அப்படியானால் அந்தத் தாள்? அது எங்கிருந்து வந்தது? நண்பர்களே, அது எங்களிடமிருந்து வந்தது! 69-ல் பத்தொன்பது வயதில் நான் மெரிடித் தொழிற்சாலையின் சீட் பிரிவில் வேலை பார்த்தேன். தாள்கள் காலடியில் குவியும். தரை சுத்தமாக இல்லை என்று மேஸ்திரி கத்துவான். கைக்கு வந்த தாளைச் சுருட்டி, அடுத்து வரும் எந்த சீட்டின் ஸ்பிரிங்கிலாவது திணித்துவிடுவோம். இந்தக் கதையை ஒவ்வொரு பிக்னிக்கிலும் நானே சொல்லியிருக்கிறேன். உருளைக்கிழங்கு சாலட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட நான், சட்டையில் நடுவர் பேட்ஜ் குத்திக்கொண்டு, அந்தத் தாளை வேதவாக்காகப் படித்தேன். அதைத் திணித்தது என் கையாகவே இருக்கலாம். நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் ஆர்லன் அந்த வெக்கையில் உள்ளே போயிருக்க வேண்டியதில்லை. டாக்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இதைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

தலைமை நடுவர் பொறுப்பை என்னை ஏற்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தகுதி இருக்கிறதா? இல்லை. ஆனாலும் ஏற்கிறேன், உங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒரு உறுதி கொடுத்துவிட்டு. இனி இந்தச் சங்கத்தில் எந்த வண்டியையும் "இல்லை" என்று சொல்வதற்கு முன்னால், நடுவர் அதன் அடியில் படுத்துப் பார்த்திருக்க வேண்டும். இடுப்பு வலித்தாலும் சரி, மழை பெய்தாலும் சரி. முதலில் நான் படுப்பேன்.

கர்டிஸ், நேற்று முழுக்க உங்களுக்குப் போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. இப்போது கதவோரம் நிற்பது நீங்கள்தானே? அன்றைக்கு ஷெட்டில் உங்களிடம் தப்பாகச் சொன்னேன், இப்போது எல்லோர் முன்னாலும் சரியாகச் சொல்கிறேன். அது ராய்ஸின் வண்டி.

என்ன கேட்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள்.

"இந்தத் தடவை யாரு பார்த்தது, நீங்களா?" என்று கேட்கிறார். கேட்கத்தான் வேண்டும்.

இல்ல கர்டிஸ். ஆர்லன் பார்த்தாரு. பார்த்து டிக் போட்டுட்டுத்தான் போயிருக்காரு. அந்த நசுக்குற ஆளுக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேணாம்னு சொல்லுங்க. இப்பவே போடுங்க. நாங்க எல்லாரும் காத்திருக்கோம்.