பம்பாய் லைன்

கொளஞ்சியப்பன்: ...அதைத்தான் சார் சொல்றேன், பத்தே சிப்புதான். மத்ததெல்லாம் பட்டறையில தயாரா இருக்கு.

இராமலிங்கம்: அரியலூர்ல கம்ப்யூட்டர் செய்யிறாங்கன்னு சொன்னா மெட்ராஸ்ல சிரிக்கிறாங்க, கொளஞ்சியப்பன்.

கொளஞ்சியப்பன்: லாரியை எடை போட்டு ரசீது அடிக்கிற கம்ப்யூட்டர்தானே சார். பெட்டி எங்களது, புரோக்ராம் எங்களது...

இராமலிங்கம்: மூளை என்னோடது. என் ப்ராசஸர் இல்லன்னா அது வெறும் தகர டப்பா.

கொளஞ்சியப்பன்: ஒத்துக்கறேன். தரேன்னு நீங்கதானே சார் போன மாசம்...

இராமலிங்கம்: போன மாசம் வேற. இப்ப இங்க ஒரு பெரிய கம்பெனிக்காரன் ஆயிரம் கேக்குறான். வெளிநாட்லேருந்து வர்றதே கொஞ்சம். ஆயிரம் கேக்குறவனை நிக்க வச்சுட்டு, பத்து கேக்குற உங்களுக்கு நான் ஏன் குடுக்கணும்?

ஆப்பரேட்டர்: டிரங்க் கால் மூணு நிமிஷம் முடிஞ்சிருச்சு. இன்னும் பேசுறீங்களா சார்?

கொளஞ்சியப்பன்: பேசுறோம் மேடம்... கட் பண்ணிடாதீங்க.

ஆப்பரேட்டர்: பேசுங்க.

இராமலிங்கம்: தர மாட்டேன்னு சொல்லல. வெலை இனிமே ஒண்ணரை மடங்கு. மெமரி சிப்பு, பவர் சப்ளை எல்லாம் என்கிட்டயே எடுக்கணும். மூணு வருஷத்துக்கு வேற யார்கிட்டயும் போக மாட்டேன்னு கையெழுத்து போடணும்.

கொளஞ்சியப்பன்: போட்டா... பட்டறை உங்களது. நான் அதுல கூலிக்காரன். அப்படித்தானே?

இராமலிங்கம்: நீங்களே சொல்லிட்டீங்க.

கொளஞ்சியப்பன்: ரெண்டு நாள் யோசிச்சு...

இராமலிங்கம்: ரெண்டு நாள் இருக்கா உங்களுக்கு? வெள்ளிக்கிழமை ரெட்டிபாளையம் சிமெண்ட் பாக்டரி கேட்டுல மெஷின் நிக்கணும். நிக்கலன்னா ஆர்டர் போச்சு. அந்த ஒரே ஆர்டரை நம்பித்தானே ஆறு பேரை வேலைக்கு வச்சிருக்கீங்க?

கொளஞ்சியப்பன்: ...இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?

இராமலிங்கம்: ஏன், குரல் நடுங்குது?

கொளஞ்சியப்பன்: லைன் சரியில்ல சார். நான் ஒண்ணு சொல்லவா... அதே சிப்பை, அதே அளவு, அதே கம்பிக்காலோட, இன்னொரு கம்பெனியும் செய்யுது. பம்பாய்ல ஒருத்தர் வச்சிருக்காரு. அதைப் போட்டா புரோக்ராம்ல ஒரு எழுத்துகூட நான் மாத்த வேண்டியதில்ல.

இராமலிங்கம்: யாரு அந்த ஒருத்தர்?

கொளஞ்சியப்பன்: பேரு எதுக்கு சார்...

இராமலிங்கம்: பேரில்லாத ஆளு. சரி, அவர்கிட்டயே வாங்கிக்குங்க.

கொளஞ்சியப்பன்: சார்...

இராமலிங்கம்: வாங்கிக்குங்கங்கறேன். உங்க பத்தையும் பெரிய கம்பெனிக்கே தள்ளிவிட்டுடறேன். போனை வச்சிரட்டுமா?

கொளஞ்சியப்பன்: சார்... அந்தக் கையெழுத்து...

ஆப்பரேட்டர்: எக்ஸ்கியூஸ் மீ... அரியலூர் சார், நீங்க புக் பண்ண பம்பாய் அர்ஜென்ட் கால் வந்திருச்சு. பார்ட்டி லைன்ல காத்திருக்காரு. இதை முடிச்சுக்குறீங்களா?

இராமலிங்கம்: என்னது?

கொளஞ்சியப்பன்: ...ஆங். முடிச்சுக்கறேன் மேடம்.

இராமலிங்கம்: இருங்க, இருங்க. மேடம், ஒரு நிமிஷம்...

ஆப்பரேட்டர்: சீக்கிரம் சார். அர்ஜென்ட் காலை ரொம்ப நேரம் நிறுத்தி வைக்க முடியாது.

இராமலிங்கம்: கொளஞ்சியப்பன், நமக்குள்ள என்ன... பழைய வெலைக்கே எடுத்துக்குங்க.

கொளஞ்சியப்பன்: கையெழுத்து?

இராமலிங்கம்: அதை விடுங்க. இந்த பம்பாய் விஷயத்தை மட்டும் யார் காதுலயும் போட்டுடாதீங்க. பெரிய கம்பெனிக்காரன் கேட்டான்னா ஆயிரத்தையும் அங்க தூக்கிட்டுப் போயிருவான். அப்புறம் நான் கடையை மூட வேண்டியதுதான்.

கொளஞ்சியப்பன்: சிப்பு எப்ப வரும்?

இராமலிங்கம்: சாயங்காலம் பஸ்ஸுல ஆளையே ஏத்தி அனுப்பறேன். போதுமா?

கொளஞ்சியப்பன்: போதும் சார். வைக்கிறேன்.

ஆப்பரேட்டர்: ...மெட்ராஸ்காரர் வச்சிட்டாரு.

கொளஞ்சியப்பன்: பம்பாய் லைன்ல...

ஆப்பரேட்டர்: யாரும் இல்ல. மெதுவாப் பேசுங்க.

கொளஞ்சியப்பன்: பம்பாய் கால் வந்திருக்குன்னு பொய்யா ஒரு வார்த்தை சொல்லுன்னு நேத்து வூட்ல கால்ல விழாத குறையா கேட்டேன். இப்படிப் பண்ணா கவர்மெண்ட் வேலை போயிரும், புள்ளைங்களுக்கு இந்தச் சம்பளந்தான் சோறு, மாட்டவே மாட்டேன்னுட்டியே, லீலா.

ஆப்பரேட்டர்: மாட்டேன்னுதாங்க இருந்தேன். கையெழுத்துன்னு வாயெடுத்தீங்க பாருங்க... இத்தனை வருசத்துல அந்தக் குரலை நான் கேட்டதில்ல.

கொளஞ்சியப்பன்: யாரும் கவனிக்கலையே? லீலா...? சூப்ரவைசர் அவரு ரூமுலதானே இருக்காரு?

ஆப்பரேட்டர்: இல்ல சார்... எம் பின்னாடிதான் நிக்கிறாரு. நீங்க புக் பண்ண பம்பாய் நம்பர் என்னன்னு கேக்குறாரு சார்.