உள்ளயா, வெளியவா?

மாப்பிள்ளை, பொண்ணு... ரெண்டு பேரும் நிமிந்து பாருங்க. சாப்பாட்டுக்கு முன்னால ஒரு சின்னக் கதை சொல்லிட்டு உக்காந்துருதேன்.

எங்க தெருமுனையில அண்ணன் தம்பி ரெண்டு பேரு தகரப் பட்டறை வச்சிருந்தாங்க. அண்ணன் ஞானதிரவியம், தம்பி தவசிமணி. டக்... டக்னு அந்த மரச்சுத்திச் சத்தம்! அம்பது வருசமாச்சு, இன்னும் என் காதுல கெடக்கு. மறுபடி ஒருதடவ கேக்காதான்னு ஏக்கமா இருக்கு.

தகரப் பொட்டி எப்படிச் செய்வாங்க தெரியுமா? ஆளுக்கொரு பாதி வளைப்பாங்க. சேருத எடத்துல ஒரு ஓரம் உள்பக்கம் மடியணும், இன்னொரு ஓரம் வெளிப்பக்கம் மடியணும். ரெண்டையும் கோத்து மரச்சுத்தியால தட்டுனா... இழுத்தாலும் வராது. அதனால மடிக்க முன்னால தம்பி கேப்பாரு, "உள்ளயா, வெளியவா?" அண்ணன் ஒரு வார்த்தை சொல்லுவாரு. தெனமும் இதான்.

ஒருநாள் தம்பி தகரம் வெட்டுத கத்தரியை யாருக்கோ இரவல் கொடுத்துட்டாரு. அவன் அதை வச்சு முள்கம்பி வெட்டியிருக்கான். கத்தரி வாய் போச்சு. அண்ணன் வஞ்சாரு, தம்பி எதிர்த்துப் பேசினாரு. அதோட பேச்சு நின்னு போச்சு. ஒரே பட்டறை... எதிர் எதிர உக்காந்து வேலை... பதினோரு நாளு பேச்சே கெடையாது.

அந்த நேரம் பாத்து என் தங்கச்சி நர்ஸ் படிக்க வேலூர் போறா. எங்க வீட்டுல வெளியூர் போயிப் படிக்கப்போற மொத பொம்பளப் பிள்ளை. சாயங்காலம் ரயிலு. துணிமணி எல்லாம் கட்டில்ல கெடக்கு, பட்டறையில சொல்லி வச்ச பொட்டி வரலை. நான் ஓடுதேன். அங்க போயிப் பாத்தா... ரெண்டு பேரும் ஆளுக்கொரு பாதியைப் பிடிச்சுக்கிட்டு முழிக்காங்க.

என்ன ஆச்சு? ரெண்டு பேருமே வெளிய மடிச்சிருக்காங்க! தம்பி கேக்கலை. அண்ணன் சொல்லலை. திருப்பிப் போடவும் முடியாது, மூலை எல்லாம் வளைச்சாச்சு. யாராவது ஒருத்தர் தன் மடிப்பைப் பிரிக்கணும். பிரிக்கையில தகரம் கீறி விண்டாலும் விண்டுரும். யாரு பிரிப்பா?

எனக்கு அழுகையே வந்துட்டு. "அண்ணாச்சி... ரயிலு போயிரும்."

தவசிமணி தலை நிமிரலை. தரையப் பாத்துக்கிட்டே மெல்லக் கேட்டாரு. "உள்ளயா... வெளியவா?"

ஞானதிரவியம் தன் பாதியை எடுத்து, தகரம் தட்டுததுக்குப் போட்டிருந்த தண்டவாளத் துண்டு மேல வச்சாரு.

"நீ பிரிக்காதலே. நான் உள்ள மடிக்கேன். அந்த மரச்சுத்திய எடு."

டக்... டக்... விண்டு போகலை. தங்கச்சி ரயிலேறினா.

அந்தப் பொட்டி இன்னும் இருக்கு. மூட்டுல மட்டும் பிரிச்சு மடிச்ச தழும்பு லேசாத் தெரியும். அந்தத் தங்கச்சி பேத்திதான்... இந்தா உக்காந்திருக்காளே, நம்ம பொண்ணு.

ரெண்டு பேரும் நல்ல தகடுதான் மக்களே. ஆனா ரெண்டு பேரும் ஒரே பக்கம் மடிச்சா வீடு சேராது. இன்னைக்கு மாப்பிள்ளை பிரிச்சு மடிங்க, நாளைக்கு நீ பிரிச்சு மடி தாயி. தழும்பு விழும், விழட்டும். எத்தனை கோவம் இருந்தாலும் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேக்காம இருந்துராதீங்க.