தலைகீழாய் நின்ற மூஸ் மான்

மேப்பிள் பாகின் மணம் கமழும் இம்மன்றத்தில் நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவர் பெவர்லி ஊலட் அம்மையார் அவர்களே! முழங்காலில் எஃகைப் பொருத்திக்கொண்டும் மலையை விடாத மூத்தோர்களே! நனைந்த கையுறைகளை உலர்த்தியே வாழ்நாளில் பாதியைக் கழித்த தாய்மார்களே! நம் மலை வழக்கப்படி பாகுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் இன்னும் வரவில்லையே என்று ஏங்கும் பின்வரிசைப் பெருமக்களே! இந்த வெர்மாண்ட் மலையடியில் முப்பது குளிர்காலம் உங்கள் பனிச்சறுக்கு ஸ்கீகளுக்கு மெழுகிட்ட டுவைட் பெல்க்கியின் வணக்கம்!

நம் சங்கத்தின் பெருமைச் சுவரில் ஓரிடம் காலியாக இருக்கிறது. அங்கே ஜனெல் புரோடூரின் குட்டை ஸ்கீபோர்டுகள் தொங்கலாமா, கூடாதா? சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. ஸ்கீக்கு முன் எது? பின் எது?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான்!

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஜனவரியில் ஜனெல் என் பட்டறைக்கு வந்தாள். கையில் இரண்டு கட்டைகள். நிறுத்தினால் இடுப்பளவுகூட இல்லை. இரு முனையும் மேல்நோக்கி வளைந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மூஸ் மான் படம்.

"ஏம்மா, மிச்சத்த எலி தின்னுடுச்சா?" என்றேன்.

"உங்க நாக்கு மாதிரி நீளமா இருக்க வேணாம்னுதான் அண்ணே குட்டையா வாங்குனேன். பேசாம காலணிப் பிடியப் பூட்டிக் குடுங்க."

பூட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தாள்.

"அண்ணே, ஒரு கால்ல மான் தலைகீழா நிக்குது. திருப்பி மாட்டிட்டீங்க!"

"ஐயையோ! நாள் முழுக்க எப்படிம்மா ஓட்டுன?"

"கடைசியா மலைக்கு ஏத்துற லிப்ட்ல உக்காந்து கால ஆட்டுறப்பதான் பாத்தேன். அதுவரைக்கும் தெரியவே இல்லண்ணே!"

தெரியவே இல்லை! அவையோரே, முன்னைப் பின்னாக்கியும் மலை மறுக்கவில்லை, பனி பழிக்கவில்லை, கால் கண்டுகொள்ளவில்லை! அப்படியானால் அதற்குப் பின்பக்கம் என்பதே கிடையாதா? பின்பக்கமே இல்லாதது பின்னோக்கியும் பாயாதா? மறுநாளே பாய்ந்தாள்! முதுகு காட்டி மேடேறி, காற்றிலே சுழன்று, முதுகு காட்டியே இறங்கினாள்!

இந்த ஸ்கீபோர்டு யார் பெற்ற பிள்ளை? வசந்தகாலப் பனியில் இறங்க ஆல்ப்ஸ் மலையேறிகள் முதுகுப்பையில் சுமந்த குட்டைக் கட்டைதான் மூலம் என்பார் சிலர். சக்கரக் காலணிக்காரர்கள் பனிக்கு வந்ததால் பிறந்தது என்பார் வேறு சிலர். ஒற்றைப் பலகை ஸ்னோபோர்டுக்குத் தம்பி என்பாரும் உண்டு. எனக்கு இன்றும் விளங்கவில்லை, கேட்கக் கேட்க ஆசைதான் கூடுகிறது.

ஆனால் நாம் என்ன செய்தோம்? பனிமேடுகளில் தாவிக் குதிக்கும் பூங்கா ஸ்னோபோர்டுக்கு, பந்தயச் சரிவு நீள ஸ்கீக்கு, இது இரண்டிலும் சேராது என்று தீர்மானம் போட்டோம். "வாலில்லாதது ஸ்கீயா?" என்று இதே மேடையில் முழங்கியவன் யார்? நான்! கைதட்டாதீர்கள் கிளைட், அன்று என்னோடு கை தூக்கியவர்தானே நீங்களும்! ஒரே வாக்கில் தோற்றாள் ஜனெல். வாசலில் நின்று சொன்னாள்:

"பூட்டத் தெரிஞ்ச உங்களுக்குப் பாக்கத் தெரியலயேண்ணே."

பிறகு நடந்ததை நாடறியும். நீள ஸ்கீயின் பின்முனை வாலும் மேலே வளைந்தது. அது பூங்காவுக்குள் புகுந்தது, பின்னோக்கிப் பாய்ந்தது. குட்டை போட்ட பாதையிலே நெட்டை நடந்தது! இன்று எந்த ஸ்கீ வந்தாலும் எது முன் என்று இரண்டு முறை பார்த்துத்தான் பூட்டுகிறேன். அப்போதெல்லாம் அந்த வாசல் என் கண்ணில் நிற்கிறது.

ஜனெல், மூன்றாம் வரிசையில் இருக்கிறாய். உன்னை வெளியே நிறுத்தியது தவறு. வெட்கப்படுகிறேன் அம்மா.

என்ன கிளைட், சுவரில் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்றா கேட்கிறீர்கள்? ஒரு மான் நேராக நிற்கட்டும். மற்றது, நான் மாட்டிய மாதிரியே, தலைகீழாக நிற்கட்டும். அது என் பிழை, எல்லோரும் பார்க்கட்டும்!

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கு நன்றி, ஊறுகாய்க்காகக் காத்திருக்கும் கைகளுக்கும் நன்றி, வணக்கம்! தலைவர் அவர்களே, வாக்கெடுப்பைத் தொடங்குங்கள். அன்று தூக்கிய அதே கையை, முதல் ஆளாய், இதோ தூக்குகிறேன்!