ஆள் மாற்றிப் பார்த்தது

நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது இருபத்து மூன்று வயதில். அபிராமபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் கற்றுவிடுவார்கள். எனக்கு யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காலித் தெருவில் நானே பழகினேன். அதனால் வண்டியில் எது நடந்தாலும் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவேன். வண்டியில் மட்டும் என்றில்லை. "ஆத்துல எது உடைஞ்சாலும் இவன் கை பட்டிருக்கும்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

நீங்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். என் நோட்டுகள் இரண்டும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. பழுப்பு அட்டை போட்டது வண்டியைப் பற்றியது, மற்றது வகுப்பு நோட்டு. இங்கே தேதியோ கிலோமீட்டரோ மாறியிருந்தால் பழுப்பு நோட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வெங்கடரமணன். மந்தைவெளியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரத்தில் நான்கு மாலை தி.நகரில் தரக் கட்டுப்பாடு டிப்ளமா வகுப்புக்குப் போகிறேன். ஆறிலிருந்து ஏழரை வரை. இதற்காகத்தான் பழைய பைக் ஒன்று வாங்கினேன். ஆகஸ்ட் மாதம் அது வெள்ளையாகப் புகை விடத் தொடங்கியது.

மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் பின்னால் கபாலி என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார். "போர் போயிடுச்சு சார்" என்றார். சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்து பிஸ்டன் ஆடுகிறது என்று அர்த்தம். சுவரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டார். நான்காம் நாள் வண்டியைக் கொடுக்கும்போது, "ஐநூறு கிலோமீட்டர் வரிக்கும் நாப்பதுக்கு மேல போவாத சார்" என்றார். நான் முப்பத்தெட்டிலேயே போனேன். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். ஐநூறு கிலோமீட்டரையும் அப்படியே ஓட்டி முடித்தேன்.

ஐநூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் முதல் முறை இன்ஜின் இறுகிப் பிடித்தது. சர்தார் படேல் சாலையில், ஐம்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். இன்ஜின் சத்தம் திடீரென்று கம்மியது. யாரோ பின்னாலிருந்து சீட்டைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. உடனே பின்சக்கரம் நின்றுவிட்டது. டயர் தேய்ந்துகொண்டே வண்டி ஆடியது. பயத்தில் கிளட்ச்சை அழுத்தினேன். அது வெறும் அதிர்ஷ்டம். சக்கரம் விடுபட்டு வண்டி உருண்டது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட்டதும், ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

கபாலி அதைத் தன் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தார். "நல்லாத்தான கீது. நீ கிளட்ச்ச பாதி புடிச்சிக்கினே ஓட்ற. அதான் சூடாவுது."

இருக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் என் இடது கையையே கவனித்து ஓட்டினேன். மறுபடி இரண்டு முறை பிடித்தது. பழுப்பு நோட்டு அப்போது தொடங்கியதுதான். ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டர் நிற்காமல் ஓடியது, எவ்வளவு வேகம், சமதரையா ஏற்றமா, ஒருவரா இருவரா என்று எழுதினேன். ஒன்பது முறை ஆனதும் நோட்டை எடுத்துக்கொண்டு கபாலியிடம் போனேன். கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னா நைனா, வண்டிக்கு ஜாதகம் எழுதிக்கினு வந்துகீற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "சார் கைக்கு சைக்கிள் குடுத்தாக்கூட ஜாம் ஆயிடும்பா."

நானும் சிரித்தேன். கடையை விட்டு வந்ததும் அந்த வாக்கியத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஏன் வேறு மெக்கானிக்கிடம் போகவில்லை என்று நேற்று கேட்டீர்கள். யோசித்தேன். எந்த மெக்கானிக்கும் இன்ஜினைத் திறந்ததும் சொல்லும் முதல் வார்த்தை, முன்னால் கைவைத்தவன் கெடுத்துவிட்டான் என்பதுதான். அது ஆதாரம் ஆகாது. தவிர, அவர் சரிசெய்துவிட்டால் பிறகு எதையும் கண்டுபிடிக்க முடியாது. பிழை என்னிடமா, வண்டியிலா என்பது அப்படியே நின்றுவிடும். அதற்கு முந்தைய மாதம் எங்கள் கூடத்தில் இரண்டு ரத்தக் குழாய்களில் லேபிள் மாறிப்போனது. நான்தான் மாற்றினேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நான் மாற்றினேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இன்னொரு முறை அப்படித் தெரியாமல் இருக்க நான் விரும்பவில்லை.

அந்த வாரம் வகுப்பில் அளவுப் பிழை பற்றிய பாடம். ஒரே ஆள் ஒரே கருவியால் எத்தனை முறை அளந்தாலும், பிழை ஆளிடமா கருவியிலா என்று பிரிக்க முடியாது. ஆளை மாற்ற வேண்டும். இரண்டாவது ஆளுக்கு முதல் ஆளின் விடை தெரிந்திருக்கக் கூடாது. இது அச்சடித்த தாளிலேயே இருக்கிறது. வகுப்பு நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

ஃபைசான் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவன். கிண்டியில் வால்வு செய்யும் கம்பெனியில் வேலை. பதினாறு வயதிலிருந்து பைக் ஓட்டுகிறான், நன்றாக ஓட்டுவான். என்னைப் பற்றிக் கவலைப்பட்ட ஆட்களில் அவனும் ஒருவன். "பெஞ்சுல கால இடிச்சுக்கிட்டா பெஞ்சுகிட்டயே சாரி கேக்கற மச்சி. கொஞ்சம் திமிரா இருந்து பழகு" என்பான். வண்டி பிடிப்பதைப் பற்றி அவனிடம் நான் சொன்னதே இல்லை. அதனால் அவன் பொருத்தமாக இருந்தான்.

முதல் தடவை, அக்டோபர் ஒன்பதாம் தேதி, வகுப்புக்கு முன்னால் பனகல் பார்க் வரை போய் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி வண்டியைக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் திரும்பினான். "வெண்ணெய் மாதிரி போகுது மச்சி. இத வெச்சுக்கிட்டா நீ முப்பதுல ஊர்ற?" என்றான்.

அன்று இரவு முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்படியானால் நான்தான் காரணம். பிறகு பொறுமையாக நோட்டைப் புரட்டினேன். அதற்குள் பதினொரு முறை ஆகியிருந்தது. பதினொன்றும் ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகு, ஐம்பதைத் தாண்டிய வேகத்தில் நடந்தவை. அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு போனபோது இன்னும் சீக்கிரமாக, ஏற்றத்தில் இன்னும் கடுமையாகப் பிடித்தது. ஃபைசான் ஓட்டியது மூன்று கிலோமீட்டர், தனியாக, சமதரையில். நிபந்தனைகள் ஒன்றாக இல்லை. அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது தடவை அக்டோபர் இருபத்து மூன்று, வியாழக்கிழமை.

ஃபைசானின் வீடு வேளச்சேரியில், தரைத்தளம். அவன் அக்கா புஷ்ரா பாண்டி பஜாரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். வகுப்பு விட்டதும் இருவரும் சேர்ந்து பஸ்ஸில் போவார்கள். போன வருட மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததையும், கட்டில் மேல் கட்டில் போட்டு அதன் மேல் ஃப்ரிட்ஜை ஏற்றியதையும் ஃபைசான் பல முறை நடித்தே காட்டியிருக்கிறான்.

வகுப்பு முடிந்ததும் நான் முதலில் இறங்கி வந்து வண்டியை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். பேட்டரி சார்ஜ் ஆக வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். பிறகு, "வேளச்சேரில பயங்கர மழையாம், போன்ல காட்டுது. பஸ்ஸுக்கு நின்னா லேட் ஆகும். வண்டிய எடுத்துட்டுப் போ, அக்காவையும் கூட்டிட்டு" என்றேன்.

தி.நகரில் வானம் தெளிவாக இருந்தது. அவன் மேலே பார்த்தான். ஆனால் வேளச்சேரிக்காரர்கள் இந்த விஷயத்தில் வானத்தை நம்புவதில்லை.

"உனக்கு எதுக்குடா கஷ்டம்" என்றான். "நான் பாத்துக்கறேன்" என்றேன். "காலைல உங்க வீட்டாண்டயே கொண்டாந்து விடறேன் மச்சி. அம்மாகிட்ட சொல்லு, பில்டர் காபி வேணும்னு."

புஷ்ரா அக்கா கடையிலிருந்து ஏறக்குறைய ஓடி வந்தார். "போன தடவ மாதிரி மிஷின் நனைஞ்சிடப் போகுதுடா, சீக்கிரம் எடு" என்றார். அவர் வீட்டில் தையலும் செய்கிறார். ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. ஃபைசான் அதை அக்காவுக்குப் போட்டு வாரை இறுக்கிவிட்டான். அது அவனே எடுத்த முடிவு.

அவர்கள் கிளம்பியதும் நான் ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏறி, முன்னால் போகும் பைக்கை விட்டுவிட வேண்டாம் என்றேன். "இன்னா சார், லவ் மேட்டரா? பின்னாடி ஒரு பொண்ணு கீதே" என்றார் டிரைவர். இல்லை, நண்பன் என்றேன். "நண்பன இப்டி யாரும் ஃபாலோ பண்ண மாட்டாங்களே" என்றார்.

நந்தனம், கோட்டூர்புரம் பாலம், காந்தி மண்டபம் சாலை. சிக்னல்களில் நின்றபோதெல்லாம் இன்ஜின் சற்று ஆறியிருக்கும் என்பதால் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. கிண்டி தாண்டி வேளச்சேரி சாலையில் அவன் வேகம் பிடித்தான். விஜயநகர் மேம்பாலத்தில் ஏறும்போது அறுபதில் இருந்திருப்பான். நாங்கள் ஐம்பதடி பின்னால் இருந்தோம். வலப்பக்கமாக ஒரு தண்ணீர் லாரி எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

பைக்கின் பிரேக் விளக்கு எரியவில்லை. இது முக்கியம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். அவன் பிரேக் பிடிக்கவில்லை. விளக்கு எரியாமலேயே பின்சக்கரம் நின்றது. வண்டி வலப்பக்கம் திரும்பிச் சறுக்கி, லாரியின் பாதையில் விழுந்தது. புஷ்ரா அக்கா இடப்பக்கம் சுவரோரமாக விழுந்தார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு பதினான்கு.

ஆட்டோ டிரைவர்தான் ஓடினார். அவர்தான் 108-க்கு அழைத்தார், தன் சட்டையைக் கழற்றிப் புஷ்ரா அக்காவின் காலைக் கட்டினார். அவர் நல்ல மனிதர். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நான் பைக்கின் மீட்டரைப் படித்தேன். எட்டு கிலோமீட்டரும் சில நூறு மீட்டரும் ஓடியிருந்தது. பிறகு வந்த போலீஸ்காரர் வண்டியைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொன்னார். வைக்கும்போது கிக்கரை ஒரு முறை மிதித்துப் பார்த்தேன். ஆறிய பிறகும் இறங்கவில்லை. இன்ஜின் இறுகியிருந்தது. அப்போது எனக்கு ஏற்பட்டதைச் சந்தோஷம் என்று எழுதினால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். நிம்மதி என்று எழுதுகிறேன். ஃபைசானை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அவன் அந்த இடத்திலேயே இறந்துவிட்டிருந்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் புஷ்ரா அக்கா என்னிடம், "வண்டில முன்னாடியே ஏதாவது இருந்துச்சா ரமணா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன பொய்கள் மூன்று: பேட்டரி, மழை, இது. "அவனத்தான் நான் அவசரப்படுத்திட்டேன்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படி நினைக்காதீர்கள் என்று ஆறுதல் சொன்னேன். தன்மேலேயே பழி போட்டுக்கொள்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் ஆட்கள் இன்ஜினைத் திறந்து பார்த்தார்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியில் பாதிகூட இல்லை. கபாலியை இங்கே ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தீர்கள். அவர் கை கூப்பி நின்று அழுதார். "என் தப்புதான் சார். டைட்டா போட்டுட்டேன். அந்தப் புள்ள வந்து வந்து சொல்லிச்சு, நான் கேக்கல." அதைக் கேட்டதும், அவர் அதையே என்னைப் பார்த்து ஒரு முறை சொல்ல முடியுமா என்று உங்களிடம் கேட்டேன். நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்றேன். அதன் பிறகுதான் வீட்டிலிருந்து நோட்டுகளை எடுத்து வரச் சொன்னீர்கள்.

பதினொரு முறை பிடித்தும் எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பது நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. முதல் முறைக்குப் பிறகு நான் எப்போதும் இரண்டு விரல்களைக் கிளட்ச்சின் மேலேயே வைத்திருப்பேன். சத்தம் கம்மியதும் அழுத்திவிட்டால் சக்கரம் விடுபட்டுவிடும். அரை நொடி போதும். இதை ஃபைசானிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். வண்டிச் சாவியை அவன் கையில் கொடுத்தபோது இது எனக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் சொல்லிவிட்டால், அவன் என்னைப் போல ஓட்டியிருப்பான். பிறகு ஆள் மாற்றியதற்கே அர்த்தம் இல்லை. தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தேன். தெரிந்தேதான் இருவரையும் ஏற்றி, வேகமாக அனுப்பினேன்.

உண்மையில் ஒரு முறை நடந்ததை வைத்து முழு முடிவுக்கு வரக் கூடாது. குறைந்தது மூன்று ஆட்களாவது வேண்டும். ஆனால் இன்ஜினைத் திறந்து அளந்துவிட்டதால் அது தேவையில்லை என்று நினைக்கிறேன். பிழை வண்டியில்தான் இருந்தது. என் ஓட்டுதலில் இல்லை.

எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தேன். இதில் என் பக்கம் எங்காவது தவறு இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால் அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். நான் திருத்தி எழுதித் தருகிறேன்.