மூன்று பீப்

கணினி ஓடவில்லையென்றால் முதலில் பிளக்கைச் சரியாகச் செருகியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். படித்தவர்கள்கூட இதைச் செய்வதில்லை. எடுத்ததும் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். நான் முப்பத்தோரு வருடம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவன். எதையும் வரிசைப்படி செய்தே பழக்கம். இதையும் வரிசைப்படியே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளத் தோதாக இருக்கும்.

என் மனைவி பள்ளியில் கணினி ஆசிரியை. நாலு வருடத்துக்கு முன்பு நரம்பு நோய் வந்து கைகால் போயிற்று, பிறகு பேச்சு. கடைசியில் இமைகூட அவள் சொல்படி கேட்கவில்லை. மிஞ்சியது வலது ஆட்காட்டி விரல் ஒன்றுதான். அந்த விரலுக்காகவே வீட்டில் ஒரு கணினியைக் கட்டினேன். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது விரலடியில் இருக்கும் பொத்தானை அழுத்துவாள். வாக்கியம் முடிந்ததும் ஸ்பீக்கர் அதை வாசிக்கும்.

இதனால் எனக்குக் கொஞ்சம் பேர் வந்தது. குடியிருப்போர் சங்கம் என்னைப் பேசக் கூப்பிட்டது. 'துணைவிக்குக் குரல் தந்தவர்' என்று பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்து சற்றுப் பெரிதாகவே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் நாலைந்து பேரோடு வீட்டுக்கே வந்தார். மதர்போர்டைத் தேடி அலைந்த கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் விரல் அசைந்தது. எல்லோரும் பயபக்தியோடு ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். ஸ்பீக்கர் சொன்னது:

"இவர் கட்டலை. கடைக்காரர் கட்டினார். இவர் டீ வாங்கிக் கொடுத்தார்."

அந்தக் குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. விளையாட்டாகச் சொன்னாளா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"டீயும் முக்கியம்தானே சார்," என்றார் தலைவர்.

அந்த வாரமே லிஃப்டில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ 'டீ மாஸ்டர்' என்றார்கள். நான் கோபப்படவில்லை. கூடுதலாக ஒரு ராம், அதாவது மதர்போர்டில் செருகும் நினைவகப் பட்டை, வாங்கி வந்து, இந்தமுறை யார் உதவியுமில்லாமல் நானே பொருத்தினேன்.

சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து மூன்று பீப், சற்று இடைவெளி, மறுபடி மூன்று பீப்.

ராம் சரியாக உட்காரவில்லை என்று அதற்குப் பொருளாம். எனக்குத் தெரியாது. அவள் பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள். அவள் விரல் பொத்தானை விட்டு நகர்ந்து மெத்தையில் மூன்று முறை தட்டியது, நின்றது, மூன்று முறை தட்டியது. கண் ராம் டப்பாவின் மேலேயே இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டேன்.

பிளக், ஒயர், பவர் சப்ளை என்று வரிசையாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை ராமை அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. திரை வெளுத்தது. "வணக்கம், நான் தயார்," என்றது ஸ்பீக்கர். நல்ல காலத்தில் அவள் எழுதிவைத்த வாசகம் அது. அறைக்கதவு திறந்துதான் இருந்தது.

மூன்று நாளாக வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. கணினியை அணைத்தேன். ராமின் ஒரு முனையை லேசாகத் தூக்கிவிட்டேன், நகக்கண் அளவுகூட இருக்காது. பீப் அடிக்கும் சின்னஞ்சிறு உருப்படியைக் கழற்றி என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டேன். உங்கள் மேஜைமேல் இருப்பது அதுதான்.

பிறகு தினமும் மாலையில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்தேன். தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல என்ன பொறுமை சார் உங்களுக்கு," என்றார். லிஃப்டில் மறுபடி மரியாதையாக வழிவிட்டார்கள்.

என் மைத்துனிதான் கேட்டாள், "அத்தான், பேசாம கடைக்காரரைக் கூப்பிட்டா என்ன? பாவம் அக்கா."

"அவனுக்கு என்னம்மா தெரியும்? நான் கட்டினது, எனக்குத்தான் பிடிபடும்."

ஒன்பதாம் நாள் காலையில், அவளைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த நர்ஸ் கூடத்துக்கு வந்து நின்றாள். "சார், அம்மா விரல் மூணு மூணா தட்டுது. நேத்துலேருந்து நிறுத்தவே இல்ல. ஏதாச்சும் சொல்றாங்களா?"

"நரம்புத் துடிப்பும்மா. பெரிய டாக்டரே சொல்லியிருக்கார்."

பெரிய டாக்டர் அப்படிச் சொன்னதில்லை. நர்ஸ் தன் நோட்டில் 'நரம்புத் துடிப்பு' என்று எழுதிக்கொண்டாள். கையெழுத்து அழகாக இருந்தது. நான் அறைக்குப் போய்ப் பார்த்தேன். மனைவியின் நெற்றி முழுக்க வியர்வை. துடைத்துவிட்டேன். விரலைப் போர்வைக்குள் வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல் வெடித்திருந்தது. "நாலு நாளாவது வலி உயிரை எடுத்திருக்குமே, ஒண்ணுமே சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"பேச முடியாதவங்க டாக்டர்," என்றேன். அது உண்மை. மாலை அவள் போய்விட்டாள்.

அக்காவின் குரல் அதற்குள் இருக்கிறது என்று மைத்துனிதான் பெட்டியைக் கடைக்காரரிடம் கொண்டுபோனாள். அவர் திறந்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாராம். பிறகு, "இதுல ஒரு பீப்பர் வச்சேனே, எங்க?" என்று கேட்டாராம்.

வலி என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அந்த வியர்வையைத் துடைக்கும்போதே தெரியும். கூடத்துக்கும் அறைக்கும் ஒன்பது அடி. ஆனால் கணினி ஓடினால் 'வலிக்குது' என்பதோடு அவள் நிறுத்தியிருக்க மாட்டாள். அந்த 'வணக்கம்' அவள் காதில் விழுந்திருந்தது. மூன்றாம் நாளே அது ஓடியதையும் நாலு பேர் முன்னால் சொல்லியிருப்பாள்.

நீங்கள் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். கொலை என்று நீங்கள் போட்டிருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாம் பக்கத்தில் மட்டும், கணினியைக் கட்டியவர் என்ற இடத்தில், கடைக்காரர் பெயர் இருக்கிறது. அதை அடித்து என் பெயரைப் போடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.