ராணி வளர்கிற இடம்

— போச்சு! ராணியை அந்தப் பக்கம் திருப்பிட்டா. வாசல் இடது பக்கம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!

— மெதுவாப் பேசுங்க. முன்வரிசையே திரும்பிப் பார்க்குது.

— பார்க்கட்டும். நான் ஆட்டின தோல்பொம்மை. வாசல் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா?

— திரைக்குப் பின்னாடி நின்னா இடது. நாம இன்னிக்கு முன்னாடிதானே உட்கார்ந்திருக்கோம்?

— அட, ஆமா! ஆயுசுல பாதி ஆட்டியே போச்சு. இந்தப் பக்கத்தை இன்னிக்குத்தாண்டி பார்க்கிறேன்.

— தோள்பட்டை மக்கர் பண்ணினதால வந்த யோகம்.

— யோகமா? எனக்குப் பதிலா ஆட்டுற அந்தத் தையல்காரி ஒரே ஒரு இடத்துல தப்பட்டும், பொம்மைப் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கிணத்துல போட்டுடுவேன்.

— பாவங்க. வயித்துப் பிள்ளையோட வந்தும் உங்ககிட்ட ஏச்சு வாங்கிக் கத்துக்கிட்டவ. காலையில இருந்து சோறு இறங்கலையாம்.

— ஊசி கோக்கிற கை வேற, உசுரு கோக்கிற கை வேற.

— சரி, சரி. ராணியோட மகன் சண்டைக்குக் கிளம்பிட்டான். இப்பப் பாருங்க.

— ராணியை அசைக்காம பிடிச்சிருக்கா. அதான் சரி. அடி... அடியே, என்னடி இது? பொம்மை நின்ன இடத்துல நிக்குது, நிழல் மட்டும் வளருது!

— ம்.

— மகன் போகப் போக அம்மாக்காரி திரை முழுக்க ஆயிட்டா! கையைப் பாரு, புல்லரிச்சுப் போச்சு.

— ஹாலே ‘ஆ’ங்குது, கேட்டீங்களா?

— மிஞ்சிட்டாடி என்னை! சாவி அவளுக்குத்தான். ஆனா, இதை நான் சொல்லித் தரவே இல்லையே?

— விளக்கைப் பொம்மைகிட்ட கொண்டுபோனா நிழல் வளரும்.

— நம்ம ஆட்டத்துல அப்படி ஒண்ணும் கிடையாது.

— என்னைக்கும் உண்டு. பொம்மையையே பார்த்துக்கிட்டு ஒரு சாண் தள்ளி நின்னவருக்கு எப்படித் தெரியும்? விளக்குப் பிடிச்சவ நான்தானே.

— அப்ப, இந்த இடத்துல ஜனம் ‘ஆ’ன்னு வாயைப் பிளக்குமே... என் கைக்குன்னுல்ல நினைச்சிருந்தேன்!

— உங்க கைக்கும்தான். அந்தச் சத்தத்தை வச்சுத்தான் விளக்கை எவ்வளவு நகர்த்தணும்னு நான் பழகினேன். கண்ணால பார்க்கிறது எனக்கும் இன்னிக்குத்தான்.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— நீங்க திரும்பிப் பார்த்திருந்தா சொல்லியிருப்பேன்.

— இப்பப் பின்னாடி விளக்கு யார் கையில?

— அவ புருஷன் கையில. முன்ரூம்ல நீங்க அவளைத் திட்டிக்கிட்டு இருந்தப்போ, அடுக்களையில நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சாவியை நீங்க எப்ப வேணா கொடுங்க, விளக்கை நான் நேத்தே கொடுத்துட்டேன்.