நெஞ்சுவெட்டு

பகடை சாப்பாட்டுத் தட்டில் விழக் கூடாது. என் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான். அதையும் முதலில் மீறியவன் நான்.

நான் பல் செட் செய்கிறவன். ஊரார் வாயைப் பார்த்தே பிழைப்பதால் பொறுமைசாலி என்று பேர். ஞாயிறு மதியங்களில் எங்கள் சாப்பாட்டு மேசையில் பகடைக் கதை விளையாடுவோம். ஆளுக்கொரு பாத்திரம். அவன் என்ன செய்கிறான் என்பதை வாயால் சொல்ல வேண்டும். அது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துவது நான். எனக்கு முன்னால் ஒரு அட்டைத் தடுப்பு நிற்கும். அரக்கனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்ற கணக்கு அதற்குப் பின்னால், என் கண்ணுக்கு மட்டும்.

விளையாட வருகிறவர்கள் என் தம்பி, அவன் மனைவி, அப்புறம் வக்கீல். வக்கீல் ஏசி ரிப்பேர் செய்பவர். எந்த விதியைச் சொன்னாலும் எதிர்வாதம் வைப்பதால் அந்தப் பட்டம்.

ஒரு வருடம் உழைத்து ஒரு கொடுங்கோல் அரசனை உருவாக்கியிருந்தேன். செயற்கை ஈறுக்கு ஊற்றும் பிசினில் அவனுக்குப் பொம்மைகூட வார்த்தேன். அதனால் ராஜ அங்கி கொஞ்சம் ஈறு நிறம். அவன் பேச வேண்டிய உரையை எழுதி, குளியலறையில் நின்று மனப்பாடம் செய்திருந்தேன். அன்று அவன் பாலத்தின் நடுவே வந்து நின்று தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, அது மரப்பாலம்தானே?" என்றான் தம்பி.

"ஆமா, ஏன்?"

"எண்ணெய் விளக்கைத் தூக்கி எறியறேன்."

இருபது முகப் பகடையில் இருபது விழுந்தது. அதற்கு மேல் எண் கிடையாது. அரசன் ஒரு வார்த்தை பேசாமல் எரிந்து ஆற்றில் விழுந்தான்.

"அந்தப் பேச்சை ஆத்துல போட்டுடு அண்ணே. மீனாவது படிக்கட்டும்."

வக்கீல் மேசையைத் தட்டிச் சிரித்தார். தம்பி மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்பா போன பிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன். சின்ன வயதிலிருந்தே என் பேச்சின் கடைசி வரியை அவன் பிடுங்கிக்கொள்வான். சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை பழகிவிட்டது. பொம்மையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். இறுக்கிப் பிடித்திருந்ததால் உள்ளங்கையில் கிரீடம் பதிந்திருந்தது.

கை கழுவும்போது தம்பி சொன்னான்: "அண்ணே, அரக்கனை வீழ்த்த என் ஆளுக்குன்னு தனியா ஒரு அடி செஞ்சு குடேன். இதுல உன்னை மிஞ்ச ஆள் கிடையாது."

கேட்டது அவன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ஒருமுறை என்னிடம் வந்து அழுதிருக்கிறான். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்தது. அப்பா பக்கத்திலேயே இருந்து ஓய்ந்துபோன அவன் மனைவி, ஒரு மதியம் வீட்டுக்கு வந்து படுத்தாள். போன் அடித்தது. திரையில் அவள் அப்பா பேர். கொஞ்சம் தூங்கட்டும் என்று தம்பி சத்தத்தை அமுக்கிவிட்டான். மறுபடி வந்தது, மறுபடி அமுக்கினான். சாயங்காலம் அவர் போய்விட்டார். சத்தத்தைக் குறைத்து வைத்தது தான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் போன் முழுச் சத்தத்தில், பகடைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். யாராவது கடன் வேண்டுமா என்று கூப்பிட்டால் நாங்கள் எல்லோரும் துள்ளி விழுவோம்.

நான் செய்து கொடுத்த அடிக்குப் பேர் நெஞ்சுவெட்டு. வீசுவதற்கு முன், விளையாடுகிறவன் தன்னைப் பற்றி ஒரு நிஜத்தைச் சொல்ல வேண்டும். மேசையில் யாராவது ஒருவருக்காவது அது தெரியாததாக இருக்க வேண்டும். நிஜம் எவ்வளவு கனமோ அத்தனை பகடை கூடுதல். கனத்தை நிறுப்பவன் நான்.

"வக்கீலே, உன் குடையைத் தொலைச்சது நான்தான்," என்று தம்பி ஆரம்பித்து வைத்தான்.

"ஆட்சேபணை. அது குடையில்ல, குடும்பச் சொத்து."

ஒரு பகடை கொடுத்தேன். அன்றைய ஆட்டத்தில் எதிரே நின்ற பூதம் செத்தது. எல்லோருக்கும் அந்த அடி பிடித்துப்போயிற்று. நல்ல விதி என்றால் அப்படித்தான். கையில் எடுத்தவனுக்கே இனிக்க வேண்டும்.

தம்பி மனைவியின் பாத்திரம் ஒரு நரைத்த படகோட்டி. எங்கள் ஆட்டத்தில் பாத்திரம் செத்தால் அதன் தாளைக் கிழித்துவிடுவோம்; திரும்ப வராது. அந்தப் படகோட்டிக்கு அவள் தன் அப்பாவின் நடையைக் கொடுத்திருந்தாள், அவர் சீட்டியடிப்பதைக் கொடுத்திருந்தாள். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை.

நான் ஆற்றில் ஒரு முதலையரக்கனை விட்டேன். அது படகோட்டியை இடுப்பளவு விழுங்கியது. வக்கீலின் ஈட்டி முறிந்தது. அவள் துடுப்பால் ஓங்கி அடித்தாள். அரக்கன் அசையவில்லை என்றேன்.

"அடுத்த கடியில ஆள் காலி," என்றேன்.

"மாமா, வேற வழியே இல்லையா?" என்றாள். குரல் விளையாட்டுக் குரலாக இல்லை.

தம்பி நெஞ்சுவெட்டை எடுத்தான். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்ததைச் சொன்னான். "பத்தாது," என்றேன். வேலையில் பொய் சொல்லி லீவு எடுத்ததைச் சொன்னான். "பத்தாது." அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் தடுப்புக்குப் பின்னால் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு உன் போனை அமுக்கினது நான்தான்," என்றான் அவளிடம். "உங்க அப்பாதான் கூப்பிட்டாரு. நீ தூங்கட்டும்னு..."

இருந்த பகடையை எல்லாம் அள்ளிக் கொடுத்தேன். வழிந்து தட்டில் விழுந்தன. அவற்றை யாரும் உருட்டவில்லை.

"எத்தனை தடவை அடிச்சுது?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை."

அவள் போனை எடுத்து, சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்து, பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அடிக்கிறது, அவள் எடுப்பதில்லை.

உண்மை அவளுக்குத் தெரிய வேண்டியதுதானே. அதற்காகத்தான் செய்தேன். கோபத்தில் செய்தேன் என்று வக்கீல் சொல்லித் திரிகிறார். அவருக்கு எதிர்வாதம் ஒரு வியாதி.

இவ்வளவு தூரம் கேட்டீர்கள் என்பதால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் துடுப்பால் அடித்தாளே, அந்த அடியிலேயே முதலை செத்துவிட்டது. தடுப்புக்குப் பின்னால் அதன் உயிர்க் கணக்கு பூஜ்யம். தன் படகோட்டியை அவளே காப்பாற்றிவிட்டிருந்தாள். அசையவில்லை என்று நான்தான் சொன்னேன்.

அன்று எல்லோரும் போன பிறகு தட்டுகளைக் கழுவி வைத்தேன். அரசனை மேசையில் நிறுத்தி, அந்த உரையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் பேசினேன். யாரும் குறுக்கே பேசவில்லை. நன்றாகத்தான் இருந்தது.